குப்பை அள்ளுவோரின் கூலியும் மாத்தளையின் விலைவாசியும்

1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பவர், தெருவிலும் வீட்டிலும் சேரும் கழிவுகளை அகற்றுவது சபையின் கடமை என்று ஓரிடத்திலும், அவ்வாறு சேகரிக்கப்பட்ட கழிவு அனைத்தும் சபையின் சொத்து, அதனை விற்கவோ வேறுவகையில் அகற்றவோ சபைக்குப் பூரண அதிகாரம் உண்டு என்று அடுத்த இடத்திலும் எழுதியிருக்கக் காண்பார். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் கிராமப்புறங்களுக்கு இதே விதியை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் விதிக்கிறது. எறிந்தவன் மறந்துவிட்ட பொருளுக்குக்கூட உடைமையாளர் இன்னார் என்று இவ்வளவு ஜாக்கிரதையாக நிர்ணயித்த சட்டம், அந்தப் பொருளைக் கையால் அள்ளித் தோளால் தூக்கி வண்டியில் ஏற்றுகிற மனிதனுக்கு அந்த வேலையினால் ஒரு குடும்பம் ஜீவிக்குமா என்ற விஷயத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது வேறு சட்டங்களுக்கும், திறைசேரியின் சுற்றுநிருபங்களுக்கும், சபைகளின் கையிருப்புக்கும், சிற்சில சமயங்களில் மேற்பார்வையாளர் ஒருவரின் மனோநிலைக்கும் விடப்பட்டிருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் குப்பை அள்ளுவோரும் மீள்பயன் பொருள் பொறுக்குவோரும் பெறுகின்ற வருமானத்தை அவர்கள் கொடுக்கவேண்டியிருக்கிற விலைகளோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாத்தளை மாவட்டம் பலவகை நிலங்களும் பலவகை ஜனங்களும் கலந்த ஒரு பிரதேசம். தெற்கே மாத்தளை மாநகரம். அதைச் சூழ உக்குவளை, இறத்தோட்டை, எல்கடுவை எனத் தோட்டங்களும் வாசனைத்திரவியத் தோப்புகளும். வடக்கே நாவுலை, கலேவெலை என்று வயல்களும் காய்கறிச் சேனைகளும். அதற்கும் அப்பால் தம்புள்ளை. மாநகர சபைகள் மாத்தளையிலும் தம்புள்ளையிலும் மாத்திரம் இருக்க, ஏனைய ஊர்களின் குப்பை பிரதேச சபைகளின் பொறுப்பு. இச்சபைகளின் ட்ராக்டர்களுக்கும் கொம்பாக்டர் வண்டிகளுக்கும் பின்னால் நடக்கிறவர்களை ஊரார் ஒரே ஜாதித் தொழிலாளராகவே எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் ஒரே வண்டியின் பின்னால் மூன்று வகை மனிதர் நடக்கிறார்கள்: நிரந்தர நியமனம் பெற்ற சுகாதாரத் தொழிலாளி; நாட்கூலிக்கு வருகிற அமையத் தொழிலாளி; சபைக்கு ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவர். இவர்களுக்கு அப்பால், எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல், வண்டி வருவதற்கு முன்னரே சாக்கோடு தெருவில் இறங்கிவிடுகிற நான்காமவரும் இருக்கிறார். கூலி போதுமா என்று கேட்பவர் யாருடைய கூலி என்று முதலில் கேட்டுக்கொள்ளாவிட்டால், விடை எப்போதும் பிழையாகவே வரும்.

கூலியை விலைவாசியோடு வைத்துப் பார்க்கிற யோசனை இப்பிரதேசத்திற்குப் புதியதன்று. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், தோட்டத்து ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு மலைநாட்டில் 54 சதம், நடுநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம் என்ற ஏற்பாட்டுக்கு அடிகோலிற்று. மாத்தளைத் தோட்டங்கள் பெரும்பாலும் நடுநாட்டு வகையைச் சேர்ந்தவை. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனிலும் குறைவு. தொகை அற்பமானதுதான்; ஆயினும் அதன் பின்னால் ஒரு பிரமாணம் இருந்தது. ஒரு தொழிலாளி எவ்வளவு அரிசி உண்பான், எத்தனை துணி உடுப்பான், எண்ணெய்க்கும் மிளகாய்க்கும் என்ன செலவாகும் என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கின்மேல் கூலியை நிறுத்தவேண்டும் என்ற கொள்கையை அன்றைய அதிகார வர்க்கமே ஒப்புக்கொண்டிருந்தது. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் இல்லாவிட்டால் அதுவும் நடந்திராது என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கு தோட்டத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. நகரசுத்தித் தொழிலுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கண்டியில் மஹையாவ போன்ற இடங்களில் வரிசை வீடுகளில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள் தோட்டத் தொழிலாளருமல்லர், நகரத்துப் பிரஜைகளுமல்லர் என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் வாழ்ந்தார்கள். பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த இவர்களுக்குத் தொழிலே ஜாதியாகவும் ஜாதியே தொழிலாகவும் ஆக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர் பெரும்பாலோருக்கு வாக்குரிமையை இல்லாமற் செய்தபோது, சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் இவர்களில் அநேகருக்கு இல்லாமற் போயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே ஒருவாறு தீர்ந்தது. இன்று மாத்தளையில் குப்பை வண்டியோடு செல்பவர்களில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் உண்டு. பிறப்பினால் தொழில் நிச்சயமாகிற காலம் பெருமளவு கழிந்துவிட்டது. எனினும் அத்தொழிலுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற சமூகத்தின் மதிப்பீட்டில் அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் நிரந்தரத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அரசாங்க சேவையின் மிகக் கீழ்ப்படியான ஆரம்ப மட்டத்தில் அவர் சேர்க்கப்படுகிறார். 2016ஆம் ஆண்டுச் சம்பளத் திட்டப்படி அப்படியின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவாக இருந்தது. முதல் பத்து வருடங்களுக்கு மாதச் சம்பளம் வருடந்தோறும் 250 ரூபாவால் மாத்திரமே உயர்ந்தது. இதன்மேல் இடைக்காலப் படிகளாக 7,500 ரூபாவும், 2024இல் உயர்த்தப்பட்ட வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவாக 17,800 ரூபாவும் சேர்ந்தன. ஆக 49,550 ரூபா. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஆரம்ப அடிப்படைச் சம்பளத்தை 40,000 ரூபாவாக்குவதாக அறிவித்தபோது பத்திரிகைகள் அதனைப் பெரிய எழுத்தில் பிரசுரித்தன. ஆனால் முன்னிருந்த 7,500 ரூபாப் படிகள் அதற்குள்ளேயே கரைக்கப்பட்டன. எஞ்சிய உண்மையான உயர்வு 8,250 ரூபா. அதுவும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று தவணைகளில். எல்லாத் தவணைகளும் வந்து சேர்ந்த பின்னர், மேலதிக நேரம் நீங்கலாகவும் கழிவுகளுக்கு முன்னதாகவும், புதிதாகச் சேர்ந்த ஒருவரின் மாதச் சம்பளம் 57,800 ரூபாவாக இருக்கும்.

இந்தத் தொகையை எதனோடு வைத்து நிறுப்பது? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடுகிற உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஒரு தராசு. உயிர்வாழத் தேவையான கலோரிகளைத் தரும் உணவுக்கும், மிகக் குறைந்த பிற தேவைகளுக்கும் ஓர் ஆளுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. அதில் பிள்ளையின் டியூஷன் இல்லை, கல்யாண வீட்டு மொய் இல்லை, எதிர்பாராத வைத்தியச் செலவு இல்லை. அது வாழ்வதற்குரிய கோடு அன்று, அதற்குக் கீழே போனால் வறியவர் என்று எண்ணப்படும் கோடு. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தொகை நாட்டுச் சராசரியில் பதினாறாயிரத்து முந்நூறு ரூபாவைக் கடந்திருந்தது. கொழும்பில் அதிகம், மொனராகலையில் குறைவு; மாத்தளை இவ்விரண்டுக்கும் இடையில். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது அறுபத்தையாயிரம் ரூபாவாகிறது. ஆகவே, 2027இல் முழுமையாகக் கிடைக்கப்போகிற சம்பளத்தை 2025இன் விலையோடு ஒப்பிட்டாற்கூட, மனைவிக்கு வருமானமில்லாத, இரண்டு பிள்ளைகளையுடைய நிரந்தரத் தொழிலாளி வறுமைக்கோட்டுக்கு ஏழாயிரம் ரூபா கீழே நிற்கிறார். நிரந்தர நியமனம் என்பது இத்தொழிலில் எட்டக்கூடிய சிகரம் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

சராசரிகளை நம்பாத வாசகர், சமையலறைக் கணக்கொன்றையும் போட்டுப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் அரசாங்கம் வர்த்தமானி மூலம் நிர்ணயித்த உச்ச சில்லறை விலைப்படி நாட்டரிசி கிலோ 230 ரூபா. மூன்று வேளையும் சோற்றையே நம்பியிருக்கிற, பகல் முழுவதும் பாரம் தூக்குகிற ஒருவரின் குடும்பத்திற்கு மாதம் முப்பத்தைந்து கிலோ என்று கொண்டால் அரிசிக்கு மட்டும் எட்டாயிரம் ரூபா. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றின் கொழும்பு விலை 2025இல் 3,690 ரூபா. மாத்தளைக்கு வரும்போது ஏற்றுகூலியும் சேரும். 2025இன் முற்பகுதியில் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாவைத் தொட்டபோது, தேங்காய்ச் சம்பலும் பாணும் என்ற ஏழைகளின் நிரந்தரப் பட்சணமே ஆடம்பரமாகிவிட்டது. இதன்மேல் வாடகை. தோட்டத்து லயத்தில் வாழ்பவருக்கு, அந்த லயம் எவ்வளவு சீர்கெட்டதாயினும், வாடகை இல்லை. கொல்லையில் நாலு கீரை பிடுங்கலாம். நகரத்தில் ஓர் அறையும் ஒரு திண்ணையும் உள்ள வீட்டுக்குக்கூட மாதம் பிறந்தவுடன் பணம் எண்ணவேண்டும். இக்காரணத்தாலேயே, 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளத்தோடு நகரத் தொழிலாளியின் கூலியை நேராக ஒப்பிட்டு, இவருக்கு அவரைவிடக் கூடுதலாகத்தானே கிடைக்கிறது என்று கூறுவது நியாயமாகாது.

2022ஆம் ஆண்டை மறந்துவிட்டு இவ்விஷயத்தைப் பேச முடியாது. அவ்வருடம் செப்டெம்பரில் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 73.7 வீதத்தை எட்டிற்று. பின்னர் பணவீக்கம் தணிந்தது என்பது உண்மையே. பணவீக்கம் தணிந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று அர்த்தமேயன்றி, ஏறிய விலை இறங்கியது என்று அர்த்தமன்று. விலைகள் பாய்ந்தேறிய அந்தப் பதினெட்டு இருபது மாதங்களில் அடகுக் கடைக்குப் போன நகையும், நுண்நிதிக் கம்பனிக்குக் கொடுத்த கையொப்பமும் இன்றுவரை சம்பளத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டிருக்கின்றன. சம்பளப் பட்டியலில் காணப்படும் தொகைக்கும் வீட்டுக்கு வந்துசேரும் தொகைக்கும் உள்ள இந்த வேற்றுமையை எந்த விலைச் சுட்டெண்ணும் காட்டுவதில்லை.

இனி அமையத் தொழிலாளி. சபைகள் ஏன் இவரை நிரந்தரமாக்குவதில்லை என்பதற்கு நிர்வாகக் காரணம் ஒன்றுண்டு. அங்கீகரிக்கப்பட்ட ஆளணியின் சம்பளத்தில் பெரும்பகுதியை மாகாண சபையூடாகத் திறைசேரி மீளளிக்கிறது. ஆளணிக்கு வெளியே எடுக்கப்படுவோரின் கூலியைச் சபை தன் சொந்த வருமானத்திலிருந்தே கொடுக்கவேண்டும். அரச சேவைக்கு ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்ட காலங்களில், ஓய்வு பெற்றவரின் இடம் காலியாகவே கிடக்க, குப்பை மட்டும் நாள்தோறும் சேர்ந்துகொண்டிருக்கும். எனவே ஆளணியின் பழுதை நாட்கூலியால் ஒட்டிச் சமாளிப்பது வழக்கமாகிவிட்டது. மழையானாலும் திருவிழாவானாலும் வேலைக்கு வந்த நாளுக்கே கூலி. வராத நாளுக்கு இல்லை. முத்துமாரியம்மன் கோவிலின் மாசிமகப் பஞ்சரதப் பவனி முடிந்த மறுநாட் காலையில் மாத்தளைத் தெருக்களில் கிடக்கும் வாழையிலையும் தேங்காய்ச் சிதறலும் மத்தியானத்துக்குள் மறைந்துவிடுகின்றனவென்றால், அதில் இத்தகையோரின் கைக்கும் பங்குண்டு. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதம் வரை நடைபெறாமையால், இரண்டு வருடத்திற்கு மேலாகச் சபைகளில் மக்கள் பிரதிநிதிகளே இருக்கவில்லை; முறையிடுவதற்கு உறுப்பினர் ஒருவரும் இல்லாத அந்தக் காலமே விலைகள் உச்சத்திலிருந்த காலமுமாகும்.

ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்குத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமே கடைசி அரண். 2016இல் மாதம் 10,000 ரூபா என்று தொடங்கிய அது, 2021இல் 12,500 ஆகவும், 2024இல் 17,500 ஆகவும், 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. நாட்கணக்கில் இறுதித் தொகை 1,200 ரூபா. 2025இன் உயர்வில் பழைய வரவு செலவு நிவாரணப் படிகளும் சேர்ந்தே எண்ணப்பட்டன. கணவனும் மனைவியும் இருவருமே இக்கூலிக்கு வேலை செய்தாலும் மாதம் அறுபதாயிரம். நால்வருக்குரிய வறுமைக்கோட்டுக்கு அப்போதும் ஐயாயிரம் குறைவு. இருவரும் விடியற்காலை நாலரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது யார் என்ற கேள்வியைச் சட்டம் கேட்பதில்லை. தெருக் கூட்டுகிற வேலையில் பெண்கள் அதிகம் என்பதை அறிந்தவர் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டார்.

இவ்வளவு பற்றாக்குறையிருந்தும் இக்குடும்பங்கள் எப்படிக் காலந்தள்ளுகின்றன? விசாரித்தால் விடை சாக்கிலிருக்கிறது. வண்டியில் ஏறும் குப்பையிலிருந்து காட்போட், பிளாஸ்டிக் போத்தல், இரும்பு, அலுமினியம், கண்ணாடிப் போத்தல் ஆகியவற்றைக் கழித்தெடுத்து வண்டியின் பக்கவாட்டில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் போத்தல் பேப்பர்க்காரரின் கடையில் நிறுத்து, வந்ததை ட்ரைவர் உட்பட எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது நாடெங்கும் உள்ள வழக்கம். சட்டப்படி பார்த்தால் இது சபையின் சொத்தைச் சபையின் ஊழியரே விற்பதாகும். எல்லா அதிகாரிகளுக்கும் இது தெரியும். ஏறக்குறைய எல்லோரும் கண்டுகொள்வதில்லை. இந்தக் கண்டும் காணாமையைத் தயாளம் என்று கொள்வாருமுளர். நான் அவ்வாறு கொள்ளத் தயாரில்லை. பட்டியலில் எழுதப்படாத இந்தச் சில்லறைதான் பட்டியலில் உள்ள சம்பளத்தைப் போதுமானது போலத் தோன்றச் செய்கிறது. உயர்வு கேட்கிறவரிடம், உங்களுக்குத்தான் சாமான் காசு கிடைக்கிறதே என்று சொல்லி வாயடைக்கவும் அதுவே உதவுகிறது. அதே சமயம் அது உரிமையன்று, சலுகை. எந்த நாளும் நிறுத்தப்படலாம், நிறுத்தப்பட்டால் வழக்குரைக்க வழியில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு அதில் ஒரு சதமும் போவதில்லை. ஓய்வூதியக் கணக்கில் அது ஏறுவதில்லை. காயப்பட்டு வீட்டிலிருக்கும் மாதத்தில் அது வருவதுமில்லை.

அதன் நிச்சயமின்மை வேறொரு திசையிலும் இருக்கிறது. சாக்கிலுள்ள பொருளின் விலை மாத்தளையில் நிர்ணயமாவதில்லை. பெட் போத்தலை உருக்கி நூலாக்கும் தொழிற்சாலை ஹொரணையில் இருக்கிறது. புதிய பிளாஸ்டிக்கின் விலை உலகச் சந்தையில் மசகெண்ணெயின் விலையோடு ஏறி இறங்குகிறது. எண்ணெய் மலிந்தால் பழைய போத்தலை வாங்க ஆளில்லை. இடையில் சிறு கடைக்காரர், பெரிய சேகரிப்பாளர், லொறிக்காரர் என ஒவ்வொரு கையிலும் சிறிது தங்கிவிட, முதலில் குனிந்து எடுத்தவருக்கு எஞ்சுவது மிகச் சொற்பம். சம்பளமே இல்லாத நான்காமவருக்கோ இதுதான் முழு வருமானம். நிரந்தரத் தொழிலாளியும் சாக்குக்காரரும் அதே போத்தலுக்காக ஒருவரையொருவர் முந்தப் பார்ப்பதும், அதனால் மனஸ்தாபம் உண்டாவதும் சகஜம்.

இவ்விடத்தில் மாத்தளை நகரம் ஒரு விசேஷமான உதாரணத்தைத் தருகிறது. 2007ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் பொருளாதார சமூக ஆணைக்குழுவின் ஆதரவில், கொழும்பைச் சேர்ந்த செவனத என்னும் தொண்டு நிறுவனமும் மாநகர சபையும் சேர்ந்து, டாக்காவின் வேஸ்ட் கன்சேர்ன் நிறுவனம் வகுத்த முறையைப் பின்பற்றி, இந்நகரில் ஒருங்கிணைந்த வள மீட்பு நிலையம் ஒன்றை ஆரம்பித்தன. வியட்நாமின் குவி நியோன் நகரத்தோடு மாத்தளையும் அந்த முயற்சியின் முன்னோடி நகரமாயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது தொன் குப்பை சேரும் நகரில் முதலில் இரண்டு மூன்று தொன் அளவில் வேலை தொடங்கியது. தத்துவம் எளியது: நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது, அதை வீட்டிலேயே பிரித்து வாங்கிக் கூட்டெருவாக்கி விற்பது, உக்காததில் விலைபோவதைத் தரம்பிரித்து விற்பது, வீட்டுக்காரரிடம் சிறு கட்டணம் பெறுவது, இம்மூன்று வருமானத்தாலும் நிலையம் தன் காலில் நிற்பது. ஏழைகளுக்கு உகந்தது என்று அத்திட்டம் தன்னைத்தானே அழைத்துக்கொண்டது. சாக்கோடு திரிந்தவருக்குக் கையுறையும், கூரையும், மாதம் முடிந்தால் ஒரு சம்பளமும் என்பது அதன் வாக்குறுதி.

வாக்குறுதியில் உண்மை இருந்தது. திறந்த மேட்டில் புகையிலும் ஈயிலும் பொறுக்குவதற்கும், கூரையின் கீழ் மேசையில் தரம்பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் சாமானியமானதன்று. எலிக்காய்ச்சலும் ஏற்புவலியும் அறிந்தவருக்கு அது புரியும். ஆயினும் கூலிக் கேள்வியை அது தீர்த்துவிடவில்லை, இடம் மாற்றியது. வீட்டிலேயே பிரிக்கப்பட்ட போத்தல் நேராக நிலையத்துக்குப் போகுமானால், வண்டியின் பக்கத்தில் தொங்கிய சாக்கு காலியாகிறது. அந்தச் சாக்கினால் நிரப்பப்பட்டுவந்த பற்றாக்குறையைச் சம்பளத்தில் ஈடுசெய்யாமல் மீள்சுழற்சியை மாத்திரம் விஸ்தரித்தால், சூழலுக்கு நன்மையான ஒரு காரியத்தின் செலவை ஊரிலேயே மிகக் குறைவாகப் பெறுபவர் கட்டுகிறார் என்றாகும். குப்பை பிரித்தல் திட்டங்களுக்குத் தொழிலாளர் சில இடங்களில் உற்சாகம் காட்டாதது ஏன் என்று வியப்பவர்கள், அவர்களுடைய அறியாமையைக் காரணமாகக் கூறுவதை விட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கூட்டெருவின் கதையும் சுவாரஸ்யமானது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, நேற்றுவரை வாங்க ஆளின்றிக் கிடந்த நகரக் கூட்டெருவுக்கு மவுசு வந்தது. நவம்பரில் தடை நீங்கியதும் மவுசும் நீங்கிற்று. இவ்விதம் அரசாங்கத்தின் ஒரு கையெழுத்தில் ஏறி மறு கையெழுத்தில் இறங்கும் விற்பனையின்மேல் ஒரு மனிதனின் மாதச் சம்பளத்தை நிறுத்துவது விவேகமல்ல.

தம்புள்ளையின் நிலைமை வேறு. 1999இல் அங்கே தொடங்கிய விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்கு வரும் காய்கறி லொறிகள் விட்டுச்செல்லும் கோவா இலையும் அழுகிய தக்காளியும் போத்தலைப் போல விலைபோகிற குப்பையல்ல. ஈரமும் பாரமும் துர்நாற்றமுமே அதன் குணம். ஆகவே ஒரே மாவட்டத்தில், ஒரே சம்பளப் படியில் இருக்கும் இருவரில், மாத்தளைக் கடைத்தெருவில் அள்ளுபவருக்குச் சாக்குக் காசு உண்டு, தம்புள்ளைச் சந்தையில் அள்ளுபவருக்குப் பாரம் மாத்திரம் உண்டு. அப்பக்கத்துக் குப்பைமேடுகளுக்குக் காட்டு யானைகள் வந்து மேய்வதும், பொலித்தீனை விழுங்குவதும் பத்திரிகைகளில் படத்தோடு வெளிவருகின்றன. அதே மேட்டில் வேலை செய்யும் மனிதரின் படம் அபூர்வமாகவே வெளிவருகிறது.

வெளியுலகம் இக்கேள்விக்கு என்ன விடை கூறியிருக்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்க்கலாம். 1968இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக் குப்பைத் தொழிலாளர் ஆயிரத்து முந்நூறு பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்கு ஆதரவாக வந்த இடத்திலேயே மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு இறந்தார். அது கூலிப் போராட்டமாயிருந்த அளவுக்கு மானப் போராட்டமாகவும் இருந்தது. அண்மையில், 2025 ஆகஸ்டில், சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் கொடுக்கப்பட்டபோது, மாதம் ஏறத்தாழ இருபத்து மூவாயிரம் இந்திய ரூபாய் பெற்றுவந்தவர்களுக்குப் பதினேழாயிரம் அளவே கிடைக்கும் என்ற நிலை வரவே, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகையின் முன்னால் இரவு பகலாக அமர்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் பொலிஸார் அவர்களை அப்புறப்படுத்தினர். ஒப்பந்த முறை கூலியை எத்திசையில் நகர்த்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மாத்தளைக்கு அதிகம் பயன்படக்கூடிய பாடம் புனே நகரிலுள்ளது. அங்கே குப்பை பொறுக்குவோர் 1993இல் தொழிற்சங்கமாகச் சேர்ந்து, 2008இல் 'ஸ்வச்' என்னும் கூட்டுறவின் பெயரால் மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வீடுதோறும் சென்று குப்பை எடுப்பது அவர்கள் வேலை. வீட்டுக்காரர் தரும் மாதக் கட்டணமும், பிரித்தெடுத்து விற்கும் பொருளின் விலையும் அவர்களுடைய வருமானம். மாத்தளையில் கண்டும் காணாமல் விடப்படுகிற அதே சாக்கு அங்கே எழுதிக் கையொப்பமிட்ட உரிமையாக இருக்கிறது. அம்முறையிலும் குறைகள் பல. உடன்படிக்கை காலாவதியாகும்போதெல்லாம் அவர்கள் மறுபடியும் போராடவேண்டியிருக்கிறது. எனினும் சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமையை அது காட்டுகிறது.

சபைகளின் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். சோலைவரி பழைய மதிப்பீட்டின்படியே பல இடங்களில் அறவிடப்படுகிறது, கொடாதவர் பலர், கொடுப்பவரும் குப்பைக்கென்று தனியாக ஒன்றும் கொடுப்பதில்லை. வண்டிக்கு டீசல் போட்டு, டயர் மாற்றி, மேட்டுக்கு மண் போட்டபின் கூலியை உயர்த்தப் பணம் எங்கே என்று சபையின் கணக்காளர் கேட்டால் அது பொய்க் கேள்வியன்று. ஆனால் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புதுவருடத் தினத்தன்று, கொழும்புக்கு அருகிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபின், குப்பை அகற்றுவதை அத்தியாவசிய சேவையென்று அரசாங்கம் வர்த்தமானியில் பிரகடனம் செய்ததே! வேலை நிறுத்தினால் தண்டிக்கத்தக்க அளவு அத்தியாவசியமானது, நிரந்தரமாக்கிச் சம்பளம் கொடுக்கும்போது மாத்திரம் அமையமாகிவிடுவது எப்படி என்பதற்கு எந்தக் கணக்காளரும் விடை கூறியதில்லை.

ஆகையால் என் தீர்ப்பு இது. நிரந்தரத் தொழிலாளியின் சம்பளம், வீட்டில் இன்னொருவர் உழைத்தால் மாத்திரம் மாத்தளையில் போதும். அமையத் தொழிலாளியினதும் ஒப்பந்தத் தொழிலாளியினதும் கூலி எந்தக் கணக்கிலும் போதாது. சாக்குக்காரரின் வருமானத்தைக் கூலியென்று அழைப்பதே தவறு. மாத்தளை, தம்புள்ளை மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் இன்று மீண்டும் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்களின் கையில் இருக்கின்றன. வருடாந்த வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் கூட்டத்தில் அவர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். மூன்றுக்கும் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. வருடக்கணக்காக நாட்கூலிக்கு வரும் ஒவ்வொருவரின் சேவைக்காலத்தையும் பதிந்து வெளியிட்டு, வெற்றிடங்களை அவர்களைக் கொண்டு நிரப்பும்படி மாகாண நிர்வாகத்தைக் கேட்கலாம். மீள்பயன் பொருள் விற்பனையைச் சபைக் கணக்கிற் கொண்டுவந்து, அதில் ஒரு நிச்சயமான பங்கை அள்ளியவருக்குச் சம்பளப் பட்டியலிலேயே கொடுக்கலாம். பொருள் சபையின் சொத்து, விற்கும் அதிகாரமும் சபையினுடையது என்று சட்டமே சொல்லுகிறது. ஒப்பந்தம் கொடுப்பதாயின், குறைந்தபட்ச வேதனத்துக்கு மேற்பட்ட ஒரு தொகையையும் சேமலாப நிதியையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுக் கொடுக்கலாம். இவற்றை உறுப்பினர் செய்கிறாரா என்று பார்ப்பது வாக்களித்தவரின் வேலை. இதை வாசிக்கும் மாத்தளை அன்பர் தம் வட்டாரத்து உறுப்பினரைச் சந்திக்கும்போது, குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று கேட்பதோடு நில்லாமல், அதில் வருகிறவருக்குச் சபை மாதம் எவ்வளவு கொடுக்கிறது என்றும் கேட்டு விடை பெறும்படி வேண்டுகிறேன்.